முதல் சுற்று 70 விநாடி

கேள்வி: டீச்சர், நான் நெகிரி செம்பிலானில் பகாவ் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறேன். படிவம் நான்கு. படிவம் ஒன்றிலிருந்து 800 மீட்டர் ஓடுகிறேன். போன வருடம் மாவட்டப் போட்டியில் 2 நிமிடம் 33 விநாடியில் ஓடி இரண்டாவதாக வந்தேன், மாநிலத்துக்கும் போனேன். இந்த வருடம் ஐந்தாவது. முதல் சுற்றில் நான்தான் முன்னால் இருந்தேன். சார் கடிகாரத்தில் 70 விநாடி. முடிக்கும்போது 2 நிமிடம் 38. இத்தனைக்கும் ஒருநாள்கூட விடாமல் பயிற்சி செய்தேன். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று இரவுச் சோற்றை நிறுத்தினேன். காலையில் பால் சேர்க்காத தே ஓ மட்டும்தான். இப்போது பள்ளி மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. முதலாவதாக வந்தது என் வகுப்புத் தோழி. அவளிடம் நான் இன்னும் பேசவில்லை. சித்தி, “வெயிலில் ஓடிக் கறுத்துப் போனதுதான் மிச்சம்” என்கிறார். அம்மா, “அடுத்த வருடம் எஸ்.பி.எம். பரீட்சை, இதோடு போதும்” என்கிறார். நாலு வருடமும் வீண்தானா? நிறுத்திவிடட்டுமா?
– பெயர் வேண்டாம், பகாவ்

பதில்:

அன்பு மகளே,

உன் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போது ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். முதல் சுற்று 70. மொத்தம் 2 நிமிடம் 38, அதாவது 158 விநாடி. அப்படியென்றால் இரண்டாவது சுற்றுக்கு உனக்கு 88 விநாடி ஆகியிருக்கிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் 18 விநாடி வித்தியாசம்! ‘நாலு வருடமும் வீண்தானா, நிறுத்திவிடட்டுமா’ என்று நீ கேட்டிருப்பதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது இந்தப் பதினெட்டைத்தான்.

800 மீட்டரில் உலகச் சாதனை வைத்திருப்பவர் கென்யாவின் டேவிட் ருடிஷா. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடினார். அன்று முதல் சுற்றை 49.28 விநாடியிலும் இரண்டாவதை 51.63 விநாடியிலும் முடித்தார். இரண்டுக்கும் நடுவே இரண்டரை விநாடிகூட இல்லை. அவரும் உன்னைப் போலத்தான், தொடக்கத்திலிருந்தே முன்னால் ஓடினார். முன்னால் ஓடியதில் தப்பு ஒன்றும் இல்லை. உன்னால் இரண்டு சுற்றுக்கும் தாங்க முடியாத வேகத்தில் ஓடியதுதான் தப்பு. அந்த வேகத்துக்கு வேண்டிய ஆக்சிஜனை மூச்சு கொடுத்து முடிப்பதற்குள் உடம்பு வேறு வழியில் சக்தியை அவசரமாக எரிக்கத் தொடங்கிவிடும். தசையில் அமிலத்தன்மை ஏறும். கடைசி வளைவில் கால் கனத்துப் போய், முட்டியைத் தூக்கவே முடியாமல் போயிருக்குமே? அது இதனால்தான். அந்த நேரத்தில் மன உறுதி எவ்வளவு இருந்தாலும் கால் கேட்காது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். உன் ஓட்டத்தைத் திட்டாதே, அதைப் படி. நாலு வருடம் வீணா இல்லையா என்பதற்கு இதைப் பொறுத்துத்தான் பதில். திடலில் நின்று எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். தோற்ற அன்றைக்கு அழாத பிள்ளையே கிடையாது. மறுநாள் வந்து, “டீச்சர், எந்த இடத்தில் விட்டேன்?” என்று கேட்கிற பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். அந்தப் பிள்ளைகள் எல்லாருமே பதக்கம் வாங்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்கத் தெரிந்த பிள்ளைக்குச் செஜாரா (வரலாறு) பரீட்சைத் தாள் திரும்ப வரும்போதும் கை நடுங்குவதில்லை. மதிப்பெண் போன கேள்வி எது, படிக்காமல் போனதா, நேரம் பற்றாமல் போனதா என்று பார்க்கும். உனக்கு அது வந்துவிட்டால் நீ ஓடிய ஒரு மீட்டரும் வீண் இல்லை.

சரி, படிக்கலாம். உன் கடிதத்தில் என் கண் நின்ற இடம் மாடிப்படி. நாலு வருடமாக ஓடுகிற பிள்ளைக்கு மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது என்றால் அதைச் சோம்பேறித்தனம் என்றோ பயிற்சி போதவில்லை என்றோ நினைத்துவிடக் கூடாது. இரவில் சோறு இல்லை, காலையில் தே ஓ, அதற்கு மேல் தினமும் ஓட்டம். உடம்பில் இரும்புச்சத்து குறைந்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். மாதவிடாய் வருகிற வயதில் நெடுநேரம் ஓடுகிற பெண் பிள்ளைகளிடம் அடிக்கடி காணும் குறை இது. இரத்தத்தில் ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு போகும் ஹீமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும். அது குறைந்தால் நீ எவ்வளவு பயிற்சி செய்தாலும் தசைக்குப் போய்ச் சேருவது குறைவுதான்.

யூகத்தை வைத்துக்கொண்டு மாத்திரை வாங்கிப் போடாதே. அரசாங்க கிளினிக்குக்குப் போ, 1 வெள்ளிதான். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேள். உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவை அது காட்டும். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் உன் வயதுப் பெண்ணுக்கு இரத்தசோகை என்பார்கள். 12க்கு மேலே இருந்தும் சேமிப்பு காலியாகி இருப்பது உண்டு. ஓடுகிறவர்களுக்கு அதுவும் களைப்பைக் கொடுக்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நீ எழுதவில்லை, எழுதக் கூச்சமாக இருந்திருக்கும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு ஓடும் பெண்களுக்கு அது நின்று போவது உண்டு. சிலர் தொல்லை விட்டது என்று இருந்துவிடுகிறார்கள். ஓட்டத்துக்கும் போதவில்லை, உடம்பை நடத்தவும் போதவில்லை என்று உடம்பு சொல்லும் சேதி அது. நாளாக நாளாக எலும்பும் பலம் இழக்கும், நடக்கும்போதே காலில் விரிசல் விடுகிற அளவுக்குப் போகும். மூன்று மாதம் வராமல் இருந்தால் டாக்டரிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

‘எடை குறைந்தால் வேகம் கூடும்’ என்பதை உனக்கு யார் சொன்னார்களோ தெரியாது. வளர்கிற பிள்ளையிடம் அதைச் சொன்னவர் யாராக இருந்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. இன்று இரவே சோறு சாப்பிடு. காலையில் ரொட்டியும் முட்டையுமாவது வயிற்றுக்குள் போக வேண்டும். கோழி ஈரல், ஆட்டிறைச்சி, கெராங் சிப்பி இதிலெல்லாம் உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளும் இரும்பு இருக்கிறது. முருங்கைக்கீரையிலும் பருப்பிலும் இருப்பது அவ்வளவு சுலபமாக ஒட்டாது. ஆனால் கூடவே ஒரு கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் நன்றாகப் பிடிக்கும். தேயிலையில் இருக்கும் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேர விடாது. தே ஓவை விடச் சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடி.

பயிற்சிக்கு வருகிறேன். ஒருநாள்கூட விடவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் கால் பலம் பெறுவது ஓடும்போது இல்லை, ஓடி முடித்து ஓய்வெடுக்கும்போதுதான். தூக்கமும் சாப்பாடும் கிடைக்காத உடம்பு தினமும் தேய்ந்துகொண்டேதான் போகும். உன் வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் கடுமையாக ஓடு, இரண்டு நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெது ஓட்டம், மற்ற நாள்களில் ஓட்டம் வேண்டாம். இதுவும் டாக்டர் பார்த்து ஓடலாம் என்று சொன்ன பிறகுதான்.

அந்தக் கடுமையான நாளில் என்ன செய்வது? உனக்குத் தேவை வேகம் இல்லை, வேகத்தைக் காலால் உணர்வது. தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடுவதாக எழுதவில்லை என்றாலும் அங்கேதான் ஓடுவாய் என்று எண்ணுகிறேன். எண்ணெய்ப் பனையான செம்பனையைப் பெரும்பாலும் 9 மீட்டர் இடைவெளி விட்டு முக்கோணமாக நடுவார்கள். வரிசையை ஒட்டிப் போகும் பாதையில் 22 இடைவெளி ஏறக்குறைய 200 மீட்டர் வரும். தோட்டத்துக்குத் தோட்டம் கொஞ்சம் மாறும், அதனால் ஒருமுறை அளவு நாடா பிடித்து அளந்து, இரண்டு முனையிலும் மரத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டுவிடு. அந்தத் தூரத்தை 39 விநாடியில் ஓடப் பழகு. கையில் கடிகாரம் கட்டாதே. தம்பியோ தங்கையோ முனையில் நின்று பார்க்கட்டும். ஓடி முடித்ததும், “எத்தனை?” என்று நீ முதலில் சொல்ல வேண்டும், பிறகுதான் அவர்கள் சொல்ல வேண்டும். உன் யூகமும் கடிகாரமும் ஒரு விநாடிக்குள் வந்து நிற்கும்வரை வேகத்தைக் கூட்டாதே.

ஏன் 39? நான்கு 39 என்றால் 2 நிமிடம் 36. ஐந்தாவதாக வந்த நாளைவிட இரண்டு விநாடி குறைவு, அதுவும் மெதுவாகத் தோன்றும் ஒரு தொடக்கத்தோடு. நான்கு 38 என்றால் 2 நிமிடம் 32, போன வருடத்து உன் நேரத்தையே தாண்டிவிடும். போட்டி அன்று நீ ஓடிய முதல் சுற்று 200 மீட்டருக்கு 35 கணக்கில் போனது. இப்போது தெரிகிறதா? முதல் வளைவுவரை அவரவர் தடம். அது முடிந்து எல்லாரும் உள்ளே இறங்கும் இடத்தில் முந்திக்கொள்ளும் ஆசை வரும். உன் கால் அங்கே 38ஐ நினைவில் வைத்திருக்க வேண்டும்.

விடியலில் இருட்டோடு தனியாகத் தோட்டப் பாதையில் ஓடாதே. காட்டுப்பன்றியும் நாயும் ஒருபக்கம், செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஒருபக்கம். வெயில் இறங்கிய மாலை போதும்.

இனி உன் தோழி. அவளைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறாய், ஆனால் உன் கடிதத்தில் அதுதான் ரொம்ப வலிக்கிற வரி என்று எனக்குப் பட்டது. பொறாமைப்பட்டதற்காக உன்னைக் கெட்டவள் என்று நினைத்துக்கொள்ளாதே. மூச்சைக் கொடுத்து ஓடியவளுக்கு அது வராமல் இருக்காது. ஆனால் பேசாமல் இருப்பது உனக்கு இரண்டு விதத்தில் நட்டம். ஒரு நல்ல சிநேகிதியை இழக்கிறாய். உன் வயதில், உன் பள்ளியிலேயே, உன்னைவிட வேகமாக ஓடும் ஒருத்தி கிடைத்தும் அவளோடு சேர்ந்து ஓடாமல் இருக்கிறாய். திங்கட்கிழமை பள்ளியில் அவளைப் பார்த்து, “அன்றைக்கு நன்றாக ஓடினாய், சொல்ல மனசு வரவில்லை” என்று சொல்லிவிடு. அவள் முதல் சுற்றை எத்தனை விநாடியில் ஓடினாள் என்றும் கேள்.

சித்தி சொன்னதை நான் ஏற்றுக்கொள்ளவே மாட்டேன். பெரியவர் என்பதால் எதிர்த்துப் பேசாதே, ஆனால் மனதில் ஏற்றவும் வேண்டாம். நம் பிள்ளைகளின் நிறத்தை நாமே குறை சொல்லி, திடலுக்கு வர வேண்டிய எத்தனை பெண் பிள்ளைகளைச் சமையலறைக்குள் நிறுத்தி வைத்திருக்கிறோம்! 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வாங்கினார் எம். ராஜாமணி, பேராக் மாநிலத்தைச் சேர்ந்த நம் பெண். ஆசியப் போட்டியில் மலேசியாவுக்குத் தங்கம் கொண்டுவந்த முதல் பெண்மணி அவர். நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதை முதன்முதலில் வாங்கியவரும் அவரே. அவரும் இதே வெயிலில் ஓடியவர்தான்.

படிப்பா ஓட்டமா என்ற கேள்விக்கு அதே பாங்காக்கில் மூன்று தங்கம் வாங்கிய டாக்டர் எம். ஜெகதீசனை நினைத்துக்கொள். மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் ஓடிய 20.92 விநாடி, 2017 வரை தேசிய சாதனையாக நின்றது. எல்லாரும் அவரைப் போல ஆக முடியாது, நீ ஆக வேண்டும் என்றும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கலாம் என்பதற்காகச் சொன்னேன்.

நிறுத்தலாமா என்று கேட்டாய். இப்போது முடிவு எடுக்காதே. களைத்த உடம்பு எதைக் கேட்டாலும் ‘போதும்’ என்றுதான் சொல்லும். கிளினிக்குக்குப் போய், மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டு, தூங்கி, நான் சொன்னபடி ஓடிப் பார். அதன் பிறகு சார் முன்னால் ஒரு 800 ஓடு. அன்றைக்கு உனக்கே நிறுத்தத் தோன்றினால் நிறுத்து, நான் குறை சொல்ல மாட்டேன்.

இந்தப் பக்கத்தை அம்மாவிடமும் காட்டு. அவருக்கு நான் சொல்வது இது.

அம்மா, எஸ்.பி.எம். பற்றிய உங்கள் பயம் நியாயமானது. வாரத்தில் நான்கு மாலை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. பிறகு அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடும்போது மெரிட் (தகுதிப் புள்ளி) கணக்கில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உண்டு. மாநில அளவுக்குப் போய் வந்த பிள்ளை, அந்தச் சான்றிதழை ஈரம் படாமல் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் பிள்ளை சாப்பிடுகிறாளா என்று தட்டைப் பாருங்கள். கிளினிக்குக்கும் அவளைத் தனியாக அனுப்பாமல் நீங்களே கூடப் போங்கள். டாக்டரிடம் சொல்ல அவள் கூச்சப்படுவதை நீங்கள் சொல்லிவிடலாம்.