ஆற்றோர நிலம்: பயிர், கரை, வீட்டுமனை – கேள்வி பதில்

கடலை விட்டுத் தள்ளி, உள்நாட்டு ஆற்றுப் படுகைகளில் நிலம் வைத்திருப்பவர்கள் கேட்டவை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சார், "நூறாண்டு வெள்ளம்" போன வருடம்தான் வந்தது. இனி எங்கள் ஆயுசில் வராது, தைரியமாக வாங்குங்கள் என்கிறார் தரகர். வாங்கலாமா?

ஆற்றுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. நூறாண்டு வெள்ளம் என்றால் எந்த ஒரு வருடத்திலும் அந்த அளவு வர 100-ல் 1 வாய்ப்பு, அவ்வளவுதான். போன வருடம் வந்ததால் இந்த வருட வாய்ப்பு குறையாது. 30 வருடக் கடனில் வாங்கினால், கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது வர ஏறத்தாழ 26 சதவீத வாய்ப்பு. 70 வருடத்துக்குக் கணக்குப் போட்டால் பாதிக்குப் பாதி. பயிர் வைக்க மட்டும் என்றால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். வீடு கட்ட என்றால் வேண்டாம்.

எங்கள் பக்கம் ஒரு பொட்டு மழை இல்லை. வெயில் அடிக்கும்போதே வயலில் தண்ணீர் ஏறியது. எப்படி?

ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மழை. சமவெளி ஆறுகளில் சரிவு மிகக் குறைவு என்பதால் வெள்ளம் பரந்து, நிதானமாக நகரும். ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றில் தலைப்பகுதி வெள்ளம் கீழ்ப்பகுதிக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அப்படிப்பட்ட ஆறு என்றால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. ஆற்றின் மேற்பகுதியில் உள்ள நீர்மட்ட அளவுகோலில் எத்தனை மீட்டர் வந்தபோது உங்கள் எந்த வயல் நனைந்தது, எந்தப் பாதை அடைபட்டது என்று ஒவ்வொரு வெள்ளத்துக்கும் எழுதி வையுங்கள். விலை கொடுத்து வாங்கும் வரைபடத்தைவிட அந்த நோட்டு உதவும்.

நிலத்தைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கரை போடலாம் என்றிருக்கிறேன். பக்கத்து நிலத்துக்காரர் சண்டைக்கு வருகிறார், சார்.

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. உங்கள் வயலில் பரவ வேண்டிய தண்ணீர் மறைந்துவிடாது. அவர் வயலில் ஏறும், அல்லது ஓடையில் இன்னும் வேகமாக ஓடி மண்ணை அரிக்கும். பல நாடுகளில் வெள்ளச் சமவெளியில் கரை எழுப்ப அனுமதி வேண்டும்; காரணம் இதுதான்.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. கரைக்குள் பெய்யும் மழை எப்படி வெளியே போகும்? மதகு வைத்தால் ஆறு உயரும்போது மூட வேண்டும், மூடினால் உள்ளே தேங்கும். கரை இருக்கிறது என்ற நம்பிக்கையில் பொருள்களையெல்லாம் தாழ்வில் வைப்பதும் நடக்கும். ஆஸ்திரேலியாவின் லிஸ்மோர் நகரில் 2005-ல் கரை முடித்தார்கள். 2017-ல் வழிந்தது. 2022 பிப்ரவரியில் ஆறு 14.4 மீட்டர் ஏறியபோது கரை இருந்த இடமே தெரியவில்லை.

வீட்டையும் தொழுவத்தையும் கிடங்கையும் சுற்றி மட்டும் மேடு போடுங்கள். வயலைத் தண்ணீருக்கு விட்டுவிடுங்கள்.

எந்தப் பயிர் தாங்கும்?

வெள்ளம் எந்த மாதம் வரும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள், பயிர் அப்புறம். நீர் தேங்கிய மண்ணில் ஒன்றிரண்டு நாளில் ஆக்ஸிஜன் தீரும். ஆறு இலைக்குட்பட்ட இளம் மக்காச்சோளம் இரண்டு முதல் நான்கு நாள் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கலாம். வெயில் கொளுத்தினால் அதுகூட இல்லை. நெல்லில், மூழ்கினாலும் தாங்க உதவும் சப்-1 மரபணு சேர்த்த ஸ்வர்ணா சப்-1 போன்ற ரகங்கள் சுமார் இரண்டு வாரம் முழுகிக் கிடந்தும் மீளும். பள்ளமான பகுதியில் தீவனப் புல், மேட்டில் காய்கறி என்று பிரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வடிந்ததும் ஆசைப்பட்டு ஈரத்தில் டிராக்டர் இறக்காதீர்கள். மண் இறுகினால் அடுத்த போகமும் போச்சு. வெள்ளம் தொட்ட கீரையை, பச்சையாகத் தின்னும் காய்களை விற்க வேண்டாம். சாக்கடையும் சேர்ந்துதான் வந்திருக்கும்.

நகரத்தைக் காப்பாற்ற எங்கள் வயலில் வெள்ளத்தை விடுவோம் என்கிறது நிர்வாகம். நாங்கள் மட்டும் இளிச்சவாயர்களா?

கோபம் புரிகிறது. தண்ணீருக்கு எங்காவது இடம் விட்டாக வேண்டும், அதற்கு வீடுகளைவிட வயல்தான் ஏற்றது. ஆனால் அந்த இடத்துக்கு விலை உண்டு. அதைப் பேசி முடிக்காமல் தலையாட்டாதீர்கள்.

நெதர்லாந்தில் 1995-ல் ஆறுகள் பெருகி சுமார் 2,50,000 பேரை வெளியேற்றினார்கள். அதன் பிறகு "ஆற்றுக்கு இடம்" என்ற திட்டம் வந்தது. ஓவர்டீப்ஸ என்ற தாழ்நிலத்தில் பால் பண்ணைக்காரர்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கவில்லை; தாங்களே மாற்றுத் திட்டம் போட்டு நீட்டினார்கள். ஆற்றுப்பக்கக் கரையைத் தாழ்த்து, பெருவெள்ளம் உள்ளே வரட்டும். எங்களுக்குப் பண்ணை வைக்க உயர்ந்த மேடுகள் போட்டுக்கொடு என்றார்கள். எட்டு மேடுகள் எழும்பின, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆறு மீட்டர். சில குடும்பங்கள் பணம் வாங்கிக்கொண்டு வேறிடம் போயின. மற்றவை மேட்டில் வீடும் தொழுவமும் வைத்து, கீழே மேய்ச்சலைத் தொடர்கின்றன.

நீங்களும் சேர்ந்து போய்க் கேளுங்கள்: எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை, எத்தனை நாள் தண்ணீர் நிற்கும், ஒவ்வொரு முறையும் இழப்பீடா அல்லது மொத்தமாக முன்பணமா, மணல் மேவினால் அள்ளுவது யார். எழுத்தில் வாங்குங்கள்.

ஊரையே மேட்டுக்கு மாற்றுவதெல்லாம் நடக்கிற காரியமா?

நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிராந்தம் என்ற சிற்றூர் 2011 ஜனவரி 10-ல் அடித்துச் செல்லப்பட்டது. உள்ளாட்சி பக்கத்து மேட்டு நிலத்தை வாங்கி, தாழ்வான மனைக்கு ஈடாக மேட்டு மனை தந்தது. விருப்பப்பட்டவர்கள் மாறினார்கள், அந்த வருடம் முடிவதற்குள் முதல் குடும்பங்கள் குடியேறின. மேட்டு நிலம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, முடிவும் சூட்டோடு எடுக்கப்பட்டது. தள்ளிப்போட்டிருந்தால் எல்லோரும் பழைய இடத்திலேயே சுவர் எழுப்பியிருப்பார்கள்.

மரம் நட்டால் வெள்ளம் நிற்குமா அண்ணா?

சிறு வெள்ளம் குறையும். மண் ஊறிப்போன பிறகு வரும் பெருவெள்ளத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. கரை அரிப்பைத் தடுக்க மட்டுமே நட்டாலும் லாபம்தான்.

வைக்கோல் போர் பாதி நனைந்துவிட்டது. கொட்டகைக்குள் எடுத்து வைக்கலாமா?

கூடாது. ஈர வைக்கோல் உள்ளுக்குள் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும், அதுவும் சில வாரம் கழித்து, யாரும் எதிர்பாராத நேரத்தில். வெளியே, கட்டடங்களிலிருந்து தள்ளிப் பிரித்துப் போடுங்கள்.