எலக்ட்ரானிக், ராக், கிளாசிக்கல் ஆல்பங்களை ஒரே ஆள் விமர்சனம் செய்யலாமா? எதை வைத்து மதிப்பிடுவது?

தாராளமாகச் செய்யலாம். ஆனால் மூன்றுக்கும் ஒரே அளவுகோல் உதவாது. எழுத உட்காரும் முன் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இந்தப் பதிவில் மட்டுமே இருக்கிற, வேறெங்கும் கிடைக்காத விஷயம் எது?

கிளாசிக்கலில் ஸ்வரங்கள் எல்லாருக்கும் பொது. அதனால் வாசிப்பைத்தான் எடைபோட வேண்டும். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை (ஒரு மூலப் பகுதியும் அதன் பல மாற்று வடிவங்களும் கொண்ட படைப்பு) பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் 1955-இல் ஒருமுறை, 1981-இல் ஒருமுறை நியூயார்க்கில் ஸ்டுடியோவில் பதிவு செய்தார். முதலாவது சுமார் 39 நிமிடம், இரண்டாவது சுமார் 51. உடனே "வயதானதும் நிதானமாகிவிட்டார்" என்று எழுதிவிடத் தோன்றும். அது பாதிதான் சரி. ஒவ்வொரு பகுதியையும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லி பாக் குறித்திருக்கிறார். 1955-இல் கூல்ட் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 1981-இல் சில வேரியேஷன்களில் முதல் பாதியை மட்டும் திரும்ப வாசிக்கிறார். கூடிய நேரத்தில் அதற்கும் பங்கு உண்டு. வேகத்தை நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் தொடக்கத்தில் வரும் ஆரியாவை, அதாவது அந்த மூலப் பகுதியை, எடுத்துக்கொள்ளுங்கள், அதை இரண்டு பதிவிலும் ஒரே தடவைதான் வாசிக்கிறார். முதலாவதில் இரண்டு நிமிடம்கூட ஆகாது, இரண்டாவதில் மூன்றைத் தாண்டுகிறது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நடுவில் அவ்வளவு இடம்! ஆனால் துள்ளலான வேரியேஷன்கள் வரும்போது விரல் கொஞ்சமும் தளரவில்லை. கூடவே அவர் முனகிப் பாடுவதும் கேட்கும். சிலருக்கு அது இடைஞ்சல், எனக்கு அது இல்லாமல் கூல்டே இல்லை. இப்படி இரண்டு பதிவை அருகருகே வைத்துக் கேட்காமல் கிளாசிக்கல் ஆல்பத்தைப் பற்றி எழுதாதீர்கள்.

எலக்ட்ரானிக்கில் நிலைமை தலைகீழ். அங்கே பெரும்பாலும் பதிவுதான் படைப்பே. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோவின் மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ் (1978) ஆல்பத்தின் இரண்டாவது உருப்படியில் மனிதக் குரல்கள் மட்டும்தான். ஒவ்வொரு குரலும் ஒரே ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பாடும், அது ஒரு டேப் லூப்பில் (முனைகளை ஒட்டி வளையமாக்கிய ஒலிநாடா) சுற்றிக்கொண்டே இருக்கும். லூப்புகளின் நீளம் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அதனால் இரண்டு குரல் ஒரு தடவை ஒன்றாக விழும், அடுத்த தடவை விலகி விழும், சில சமயம் வெறும் மௌனம்தான். "மெட்டு வளரவே இல்லை" என்று இதற்கு மார்க் குறைத்தால், இல்லாத ஒன்றைத் தேடியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மெட்டுக்குப் பதில் அந்த இடைவெளிகளைக் கவனித்துப் பாருங்கள், அவ்வளவு அழகு.

சரி, ராக்? அங்கே ஆல்பத்தில் பாட்டுகளின் வரிசையும் அவற்றைக் கோத்திருக்கும் விதமும் முக்கியம். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் தி டார்க் சைட் ஆஃப் தி மூன் (1973) இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பிலேயே முடிகிறது. பாட்டைப் பாட்டாகப் பிரித்து மதிப்பெண் போட்டால் அந்த ஓட்டம் கைநழுவிவிடும். அதே ஆல்பத்தில் ஆன் தி ரன் என்ற உருப்படி கிட்டத்தட்ட முழுக்க சின்தசைசர் (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கருவி) தான். ஆக, ராக் பற்றி எழுதுகிறவருக்கும் எலக்ட்ரானிக் காது தேவைப்படுகிறது.

அப்புறம் ஒலி அளவு. சத்தம் கூடுதலாக இருப்பது முதல் கேட்பில் நன்றாக இருப்பதுபோல் ஏமாற்றும். மெட்டாலிக்கா குழுவின் டெத் மேக்னெடிக் (2008) சிடியில் ஒலியை ஒரேயடியாக அழுத்தி, அதாவது மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்து, மாஸ்டர் (வெளியீட்டுக்கு முந்தைய இறுதி ஒலிச் சீரமைப்பு) செய்திருந்தார்கள், டிரம் அடி தனியாகத் தெறித்து வராது. அதே பாட்டுகள் கிடார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டில் அவ்வளவு அழுத்தப்படாமல் வந்தன, ரசிகர்கள் வித்தியாசத்தைப் பிடித்துவிட்டார்கள். எனவே இரண்டு பதிவை ஒப்பிடும்போது வால்யூமைச் சமமாக வைத்துக்கொண்டு கேளுங்கள். எந்தப் பதிப்பைக் கேட்டீர்கள், பழைய எல்பி இசைத்தட்டா, முதல் சிடியா, ஒலியைப் புதிதாகச் சீரமைத்த ரீமாஸ்டரா என்பதையும் விமர்சனத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஒன்றைக் கேட்டு எழுத, வாசகர் வேறொன்றை வாங்கிக் கேட்டுக்கொண்டிருப்பார்.