விறகடுப்பும் புகைபோக்கியும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்களுடையது மங்களூர் ஓடு வேய்ந்த சிறிய வீடு, சமையலறை பத்துக்கு எட்டு அடிதான். கேஸ் அடுப்பு இருந்தாலும், சோறு வடிக்கவும் வெந்நீர் போடவும் புகைபோக்கியுடன் ஒரு கொடியடுப்பு (முதன்மைக் குழியின் தீயிலேயே சூடேறும் ‘கொடி’ என்னும் துணைக்குழி உள்ள அடுப்பு) கட்ட விரும்புகிறோம். எங்கே, எப்படி அமைப்பது?
– வாசகி, அரியாங்குப்பம்

பதில்: அடுப்பை விட்டுவிட்டுப் புகைபோக்கி போகும் வழியை முதலில் தீர்மானியுங்கள். அடுப்பின் வாயும் கொடியும் எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பது அதிலேயே முடிவாகிவிடும். குழாய் அறைக்குள்ளேயே நேராக ஏறிக் கூரையைக் கடந்து வெளியேறுவதே நல்லது. சூடான குழாய்தான் புகையை மேலே இழுக்கும். சுவரைத் துளைத்து வெளியே கொண்டுபோய் ஏற்றும் குழாய் மழைக்காலத்தில் குளிர்ந்துபோய் இழுவையை இழந்துவிடும். படுக்கைவாட்டில் நீளமாக ஓடவிடுவதும், இரண்டு மூன்று இடங்களில் வளைப்பதும் கூடாது.

ஓட்டுக் கூரையில் கைமரமும் ரீப்பரும் இருப்பதை மறக்க வேண்டாம். ஒற்றைத் தகட்டுக் குழாயிலிருந்து எந்த மரமும் ஒன்றரை அடியாவது தள்ளியிருக்க வேண்டும். ரீப்பர் குறுக்கே வந்தால் அதை அறுத்து, பக்கத்தில் சட்டம் கொடுத்துத் தாங்கவைத்து, நடுவில் உள்ள இடைவெளியைத் தகட்டால் மூடச் சொல்லுங்கள். தச்சர் முணுமுணுப்பார், விட்டுக்கொடுக்காதீர்கள். கீற்று வேய்ந்த வீடாக இருந்திருந்தால் இந்த யோசனையையே சொல்லியிருக்க மாட்டேன். அத்தகைய வீடுகளில் அடுப்பைத் தள்ளி, தனிச் சாய்ப்பில் தகரக் கூரையின்கீழ் வைப்பதே முறை.

குழாயின் குறுக்களவு 4 அங்குலத்துக்குக் குறையாமலும், அதன் உச்சி கூரை முகட்டைவிட 2 அடியாவது உயர்ந்தும் இருக்கட்டும். 10 அடி தொலைவுக்குள் பக்கத்து வீட்டு மாடிச்சுவர் எழுந்து நின்றால், அதையும் விஞ்சும் உயரம் தேவை. பிற்பகலில் வீசும் கடற்காற்றும், ஐப்பசி கார்த்திகையில் வரும் வாடையும் அந்தச் சுவரில் மோதிக் கீழ்நோக்கிச் சுழலும்போது உங்கள் புகை உங்கள் சமையலறைக்கே திரும்பி வந்துவிடும். மழை இறங்காமலிருக்க மேலே ஒரு தகரக் குடை வேண்டும். அது குழாயின் வாயை அடைத்தாற்போல் உட்காரக் கூடாது. துத்தநாகம் பூசிய தகரக் குழாய் நம் கரையோர உப்புக்காற்றில் வெகுநாள் நிற்காது. எவர்சில்வர் குழாயோ சுட்ட மண்குழாயோ வாங்குங்கள். எங்கேயாவது பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதை அறுக்கும்போது பறக்கும் நார்த்தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு.

ஐதராபாத்தில் எஸ்.பி.ராஜு என்னும் பொறியாளர் 1950-களிலேயே புகைபோக்கி வைத்த மண்ணடுப்பை வடிவமைத்துக் காட்டினார். 1983 முதல் 2002 வரை மத்திய அரசின் திட்டத்தில் நாடெங்கும் புகையில்லா அடுப்புகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அவற்றில் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டதற்கு மண்ணின் தரத்தை மட்டும் குறைசொல்ல முடியாது. குழாயில் கரி அடைத்துக்கொண்டபோது அதை எடுக்க வழியும் இல்லை, எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த ஆளும் பல இடங்களில் இல்லை. ஆகவே குழாயின் அடியில், கை நுழையும் அளவுக்கு மூடியுடன் ஒரு திறப்பு வைக்காமல் கொத்தனாரை அனுப்பாதீர்கள்.

களிமண்ணுடன் மணலும் உமியும் சேர்த்து நன்றாக மிதித்து ஊறவைத்துக் கட்டிய அடுப்பை, ஓரிரு வாரம் நிழலில் காயவிட்டு, முதலில் சுள்ளித் தீ மட்டும் மூட்டுங்கள். பானைகள் குழியில் இடைவெளியின்றி உட்கார வேண்டும். கொடியில் பானை இல்லாதபோது அதை மூடி வையுங்கள். அடுப்பெரியும்போது சன்னலோ கதவோ திறந்திருக்கட்டும். உள்ளே காற்று வராவிட்டால் எந்தப் புகைபோக்கியும் இழுக்காது.

கேள்வி: சென்ற ஆண்டு கட்டிய அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது. இந்த மழைக்காலத்தில் புகை அறைக்குள்ளேயே சுற்றுகிறது. குழாய் இணைப்பிலிருந்து கறுப்பாக நீர் வடிகிறது. என்ன கோளாறு?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: விறகு ஈரம். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீராகவே இருக்கக்கூடும். அடுப்புக்கு வரும் விறகில் அது 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாகாது. அந்த நீரை ஆவியாக்குவதிலேயே தீயின் சூடு செலவாகிவிடுவதால் குழாய் குளிர்ந்து கிடக்கிறது. அரைகுறையாக எரிந்த புகை உள்சுவரில் தாராகப் படிகிறது. ஆவி நீராகி அந்தத் தாரைக் கரைத்துக்கொண்டு ஒழுகுகிறது. மேலே இருக்கும் குடை காற்றில் சாய்ந்து, மழைநீர் நேராக இறங்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

முதல் வேலையாக, அடுப்பு முழுவதும் ஆறியபின், மூங்கில் கழியின் நுனியில் தேங்காய்நாரை இறுகக் கட்டி, மேலிருந்து கீழாகக் குழாயைத் துடைத்தெடுங்கள். நாள்தோறும் எரிக்கும் வீட்டில் மாதம் ஒருமுறை இது தேவை. கொடிக்குப் பின்னால் புகை திரும்பும் இடத்தில்தான் கரி மிகுதியாகத் தேங்கும். பலரும் அந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள். படிந்த தார் ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பற்றினால், காற்று இரைவதுபோல் ஓசை கேட்கும். அப்போது அடுப்பின் வாயைத் தகட்டால் அடைத்து, எல்லோரும் வெளியேறி 101-ஐ அழையுங்கள். கொதிக்கும் குழாயில் தண்ணீர் ஊற்றினால் அது வெடித்துவிடும்.

விறகைப் பொறுத்தவரை, நம் கடற்கரை மணலில் விளையும் சவுக்கைவிட நல்லது தேட வேண்டியதில்லை. ஆனால் உருட்டுக் கட்டையாகவே போட்டு வைத்தால் அது உள்ளே காயாது. மாசியிலேயே வாங்கிப் பிளந்து, தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடிப் பக்கங்களைத் திறந்துவிட்டால், ஐப்பசிக்குள் பக்குவமாகிவிடும். இரண்டு துண்டுகளைத் தட்டிப் பாருங்கள்: காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று விழும். அலையில் ஒதுங்கிய மரத்தையும் வண்ணம் பூசிய பழைய படகுப் பலகையையும் எரிக்க வேண்டாம். உப்பேறிய மரம் குழாயை அரிக்கும். வண்ணப்பூச்சின் புகை நஞ்சு.

மழைக்கு அஞ்சிச் சன்னலைச் சாத்திவிட்டு, தணல் கனியும் அடுப்புள்ள அறையில் யாரும் படுக்கவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது. தலைவலி, குமட்டல், அதன்பின் மயக்கம் என்றுதான் அது தெரியவரும்.

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டையின் ஓடு மலிவாகக் கிடைக்கிறது. வீட்டு அடுப்பில் எரிக்கலாமா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டாம். அந்த ஓட்டில் உள்ள எண்ணெய் தோலில் பட்டாலே கொப்புளிக்கும். அதன் புகை கண்ணையும் தொண்டையையும் எரிப்பதோடு, குழாயில் பிசுபிசுப்பாகப் படிந்தும்விடும். முந்திரி விறகு வேறு; நன்றாகக் காய்ந்திருந்தால் தாராளமாக எரிக்கலாம். கொட்டாங்கச்சி தீ மூட்டுவதற்கு ஏற்றது. எதை எரித்தாலும் மறுநாள் சாம்பலை அள்ளும்போது இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே மூடி வையுங்கள். அடியில் கிடக்கும் கங்கு ஒரு நாளுக்கு மேலும் அணையாமல் இருப்பதுண்டு.