பட்டி, பானை, பிள்ளைகள்

அன்புள்ள அக்கா,

கைத்தொழில்கள் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிப்பவள் நான். எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்து, நேரம் கிடைக்காமல் விட்டிருக்கிறேன். இப்போது கேட்க வந்திருப்பதே அந்த நேரத்தைப் பற்றித்தான்.

நானும் கணவரும் ஆறு அல்பாக்கா வளர்க்கிறோம், ரோமத்துக்காக வளர்க்கும் ஒட்டகக் குடும்பத்துப் பிராணிகள். அவற்றின் ரோமத்தை நூற்பாலைக்குக் கொடுத்து நூலாக்கி வாங்குகிறோம். அது போதாமல் செம்மறிக் கம்பளி நூலும் வெளியிலிருந்து வாங்கி, எல்லாவற்றுக்கும் வீட்டிலேயே கையால் சாயமேற்றி இணையத்தில் விற்கிறேன். பெண்ணுக்குப் பத்து வயது, பையனுக்கு ஐந்து. கணவர் வெளியே வேலைக்குப் போகிறவர். சொன்னால் எதையும் செய்வார். ஆனால் சொல்ல வேண்டும்.

பொழுதுபோக்காக ஆரம்பித்தது இப்போது தொழிலாகிவிட்டது. மாதாமாதம் ஒரு புது நிறம் அனுப்பும் சந்தா வைத்திருக்கிறேன். "போன வருடம் வாங்கிய அதே நீலத்தில் இன்னும் இரண்டு சிட்டம் (சுற்றிய நூல் கட்டு) வேண்டும், ஸ்வெட்டர் பாதியில் நிற்கிறது" என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். பிள்ளைகள் தூங்கியபின் சிட்டங்களைப் பிரித்து, திரும்பச் சுற்றி, முறுக்கி, லேபிள் கட்டி முடிக்க நடுராத்திரி ஆகிறது. போன வாரம் வீட்டுக்கு வந்தவர்களிடம் பையன் வாசலிலேயே, "சத்தம் போடாதீங்க, அம்மா பானை பாக்கறாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குடும்பத்தையும் தொழிலையும் எப்படிச் சேர்த்து நடத்துவது? அல்பாக்காக்களைக் கொடுத்துவிட்டுச் சாயத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? பிள்ளைகளையும் வேலையில் சேர்த்துக்கொண்டால் அவர்களோடு இருந்த மாதிரியும் ஆகுமே? தெரிந்தவர் ஒருவர் சினை அல்பாக்கா ஒன்றைத் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? வெளியிடுவதானால் பெயர் வேண்டாம்.

வி.

*

அன்புள்ள வி.,

அல்பாக்காக்களைக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் அவற்றைப் பற்றி ஒரு புகார்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. புகார் முழுக்க ஆர்டர்கள் மேல்தான். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது பட்டியில் இல்லை, லேபிள் கட்டும் மேசையில் இருக்கிறது. அப்படியிருக்க, வெளியே போக வேண்டியவை என்று நீங்கள் முதலில் கைகாட்டுவது அந்த ஆறு வாயில்லா ஜீவன்களை.

யோசித்துப் பாருங்கள். பட்டி வேலைக்கு ஒரு எல்லை உண்டு. காலையும் மாலையும் தண்ணீர், வைக்கோல், ஒரு பார்வை. அல்பாக்கா மந்தை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் புழுக்கை போடும், அதனால் கூட்டி அள்ளுவதும் சுலபம். சில வாரங்களுக்கு ஒருமுறை நகம், அவ்வப்போது குடற்புழு மருந்து, வருடத்துக்கு ஒரேயொரு நாள் ரோமக் கத்தரிப்பு. பட்டிக் கதவைச் சாத்திவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. உங்கள் குடும்பமும் இத்தனை நாளில் அதற்கேற்பத் தன்னை அமைத்துக்கொண்டிருக்கும்.

விளைச்சலுக்கும் அப்படி ஒரு எல்லை இருக்கிறது. வளர்ந்த அல்பாக்கா ஒன்று வருடத்துக்கு 2 முதல் 3 கிலோ ரோமம் தரும். அதில் முதுகும் விலாவும் சேர்ந்த பகுதிதான் நல்ல நூலுக்கு ஆகும். கழுத்தும் காலும் இரண்டாம் தரம். ஆலையில் தூசியும் முரட்டு மயிரும் கழிந்தது போக, ஆறு உருப்படியிலிருந்து 100 கிராம் சிட்டமாகக் கணக்குப் போட்டால் நூறைச் சுற்றித்தான் நிற்கும். அடுத்த கத்தரிப்பு வரை நீங்கள் தலைகீழாக நின்றாலும் ஒரு சிட்டம் கூடாது. "தீர்ந்துவிட்டது" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வெளியில் வாங்கும் கம்பளி நூலுக்குத்தான் இந்தப் "போதும்" கிடையாது. இன்று சொன்னால் அடுத்த வாரம் வாசலில் இருக்கும். வந்த நூல் சும்மா இருந்தால் பணம் முடங்கியிருப்பதாகத் தோன்றும், உடனே பானையை ஏற்றுவீர்கள். சாயமேறிய நூல் சும்மா இருந்தால் புது விளம்பரம், விளம்பரம் போட்டால் புது ஆர்டர். உங்கள் ராத்திரிகள் போவது இந்த வழியில்தான் என்று நினைக்கிறேன். ஆகவே அல்பாக்காக்களை விட்டுவிட்டுச் சாயத்தை மட்டும் வைத்துக்கொண்டால், எல்லை உள்ளதை விட்டு எல்லை இல்லாததைக் கட்டிக்கொள்வதாகிவிடும்.

நான் சொல்வது எதிர்வழி. ஆலைக்குக் கொடுக்கும்போதே அல்பாக்கா ரோமத்தோடு செம்மறிக் கம்பளியைக் கலந்து நூற்கச் சொல்லுங்கள். அல்பாக்கா இழைக்குச் சுருளும் நெகிழ்வும் குறைவு. தனி அல்பாக்காவில் பின்னிய ஸ்வெட்டர் போடப்போட நீண்டு தொங்கும். கம்பளி கலந்தால் உடுப்பு வடிவம் கெடாது, உங்களுக்கும் சிட்டம் கூடும். முக்கியமாக, வருடத்தின் மொத்தச் சரக்கும் ஒரே தடவையில் வந்து ஒரே தடவையில் தீரும். இன்னொன்று, எல்லாவற்றுக்கும் சாயமேற்றியே ஆக வேண்டுமா? அல்பாக்காவில் வெள்ளையிலிருந்து கருப்பு வரை, நடுவே பழுப்பும் சாம்பலுமாக, 22 இயற்கை நிறங்களைப் பெருவில் பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆறில் வெள்ளையல்லாதவை எத்தனை? அவற்றின் நூலை அப்படியே விற்கலாம். பின்னுகிறவர்களில் அதற்கென்றே காத்திருக்கும் ஒரு கூட்டம் உண்டு.

சரி, பானைக்கு வருவோம். உங்கள் பையன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பானையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும், ஆனால் கொஞ்ச நேரம்தான். கம்பளிக்கும் அல்பாக்காவுக்கும் போடும் அமிலச் சாயம் எப்படி ஏறுகிறது என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் நேரக் கணக்குக்காகச் சொல்கிறேன். நனைந்த நூலை வினிகரோ சிட்ரிக் அமிலமோ கலந்த சாயநீரில் விட்டு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, 85 முதல் 90 டிகிரியில், அரை மணி நேரம் வைக்கிறோம். தளதளவென்று கொதித்தாலோ கிளறிக்கொண்டே இருந்தாலோ இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டித்துவிடும், அதனால் அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் வேண்டும். மெல்ல நீரின் நிறம் நூலுக்குப் போய்விடும். கரண்டியில் அள்ளினால் வெறும் தண்ணீராக வரும். பச்சைநீலம் மட்டும் கடைசிவரை நீரிலேயே நின்று பொறுமையைச் சோதிக்கும்.

அதன்பின் அடுப்பை அணைத்துவிட்டால் உங்களுக்கு அங்கே வேலையில்லை. மூடி போட்டு ராத்திரி முழுக்க ஆறவிடலாம். சொல்லப்போனால் அப்படி ஆறவிடுவதுதான் நூலுக்கும் நல்லது. அவசரப்பட்டுச் சூடான நூலைக் குளிர்ந்த நீரில் போட்டால் கெட்டித்துப்போகும். ஆக ஒரு ஈடுக்குப் பல மணி நேரம் என்றாலும் உங்கள் கண்ணும் கையும் தேவைப்படுவது அதில் சிறு பங்குதான். அந்தச் சூடேற்றும் நேரத்தைப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போதோ கணவர் வீட்டிலிருக்கும்போதோ வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி நூல் ஆறிக்கொண்டிருக்கட்டும், நீங்கள் உங்கள் பிள்ளைகளோடு இருங்கள்.

உங்கள் நடுராத்திரி வேலையில் பெரும்பங்கை விழுங்குவது சிட்டத்தைப் பிரித்துத் திரும்பச் சுற்றுவது. அதை நிறுத்திவிடலாம் என்பது என் கட்சி. திரும்பச் சுற்றினால் நிறங்கள் கலந்து கண்ணுக்கு அழகாகத் தெரியும், உண்மைதான். ஆனால் சாயமேறியபடியே முறுக்கி விற்றால், எந்த நிறம் எவ்வளவு நீளம் ஓடுகிறது என்று பின்னுகிறவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அனுபவமுள்ளவர்கள் பலர் இதைத்தான் விரும்புகிறார்கள். புகைப்படத்துக்கு ஒன்றே ஒன்றைச் சுற்றிக் காட்டினால் போதும்.

அதே நீலம் கேட்பவர்களிடம் கிடைக்காது என்று சொல்லிவிடுங்கள். சாயத்தூளை நீங்கள் கிராம் பிசகாமல் நிறுத்தாலும் தண்ணீர் மாறும், நூல் மாறும், சூடேறும் வேகம் மாறும். கையால் சாயமிட்ட நூலில் ஒரே ஈட்டின் இரண்டு சிட்டங்களே அச்சாக ஒத்துப்போவதில்லை. அதனால்தான் இரண்டு வரிக்கு ஒருமுறை சிட்டம் மாற்றிப் பின்னச் சொல்கிறோம். பாதி ஸ்வெட்டரோடு நிற்பவருக்கும் அதையே சொல்லுங்கள். கிட்டத்தட்ட ஒத்துவரும் நீலம் ஒன்றைப் பழைய நூலோடு மாற்றி மாற்றிப் பின்னினால் சேர்ந்த இடம் தெரியாது. அவருக்காகத் தனியாக ஒரு பானை ஏற்றாதீர்கள்.

மாதச் சந்தா பற்றி. முன்கூட்டி வரும் பணம் வருமானம் மாதிரித் தெரியும், ஆனால் நூலை அனுப்பும்வரை அது கடன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அந்தத் தேதி நகராது. வாங்கிய பணத்துக்குரிய மாதங்களை ஒழுங்காக முடியுங்கள், புதிதாகச் சேர்க்காதீர்கள். அப்புறம் வேண்டுமானால் வருடத்துக்கு மூன்று நான்கு முறை, நூல் சாயமேறிக் காய்ந்து லேபிளும் கட்டி அலமாரிக்கு வந்தபிறகு விற்பனையைத் திறங்கள். செய்துவிட்டு விற்பதற்கும் விற்றுவிட்டுச் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கணவர் "சொன்னால் செய்வார்" என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்ல வேண்டியதை நினைவு வைப்பதும் ஒரு வேலை. அதுவும் உங்கள் தலையில்தான் இருக்கிறது. சில்லறை உதவிகளாகக் கேட்காமல் ஒரு பகுதியை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். பட்டியின் பராமரிப்பு அதற்குப் பொருத்தம்: வைக்கோல் வாங்குவது, நகம், மருந்துத் தேதிகள், கால்நடை மருத்துவர், கத்தரிப்புக்கு ஆள் பேசுவது, அன்று ரோமம் நனையாமல் பார்த்துக்கொள்வது எல்லாமே. கொடுத்தபிறகு எட்டிப் பார்க்காதீர்கள். நகம் வெட்ட இரண்டு நாள் தாமதமானால் அல்பாக்காவுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் யோசனையில் பாதிதான் எனக்குச் சம்மதம். பட்டிக்கு வரட்டும், சாயத்தூள் பக்கம் வேண்டாம். அந்தத் தூள் மூச்சுக்காற்றுக்கே பறக்கும். நாமே முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் தொடக்கூடாது. அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் 100 மில்லிக்கு 1 கிராம் என்று கரைத்துப் புட்டிகளில் பூட்டிவைத்துவிட்டால், பிறகு திரவமாக அளந்துகொள்ளலாம். சாயப்பானையும் கரண்டியும் சமையலறைக்குள் வரவே கூடாது.

பட்டியில் உங்கள் பெண்ணுக்கு உருப்படியான வேலை ஒன்று இருக்கிறது. அல்பாக்கா நோயை வெளிக்காட்டாது. மந்தை மேயும்போது ஒன்று மட்டும் தள்ளிப் படுத்திருக்கும், அல்லது சாப்பாட்டுக்குக் கடைசியாக வரும், அவ்வளவுதான். அடர்ந்த ரோமத்துக்குள் இளைத்தது கண்ணுக்குத் தெரியாது. முதுகெலும்பின் இரு பக்கமும் கை வைத்து அழுத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பத்து வயதுப் பிள்ளை இதை நன்றாகக் கற்றுக்கொள்ளும், பெரியவர்களைவிடக் கவனமாகவும் பார்க்கும். ஆனால் அதை அவளோடு சேர்ந்திருந்த நேரமாகக் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள். அல்பாக்கா இல்லாத, நூல் இல்லாத நேரமும் அவளுக்கு வேண்டும்.

கடைசியாக அந்தச் சினை அல்பாக்கா. பணத்துக்காக என்றால் வேண்டாம். அமெரிக்காவில் 1980களில் இறக்குமதி தொடங்கியபின் இனவிருத்திக்கான உருப்படிகளின் விலை எங்கேயோ ஏறி, 2000களின் கடைசியில் தரைக்கு வந்தது. ரோமத்தின் மதிப்புக்கும் அந்த விலைக்கும் சம்பந்தமே இல்லை. ஆசைக்காக என்றாலும் இந்த வருடம் வேண்டாம், சந்தா முடியட்டும். அல்பாக்காவின் சினைக்காலம் பதினொன்றரை மாதம். பெரும்பாலும் பகலில்தான் ஈனும், ஆனால் எந்தப் பகல் என்று சொல்லமுடியாது. அந்த வாரங்களில் யாராவது வீட்டில் இருக்க வேண்டும். குட்டி பால் மறக்க ஆறு மாதம்.

குட்டி கடாவாக இருந்தால் இன்னொரு சிக்கல். சின்ன வயதில் மனிதர்கள் அளவுக்கு மீறிக் கொஞ்சி வளர்த்த கடா, மனிதரையும் தன் இனமாக எண்ணிக்கொள்ளும். வளர்ந்தபின் இன்னொரு கடாவோடு மோதுவது போல ஆட்களை மோதித் தள்ளும். புட்டிப்பால் குடித்து வளர்ந்தவற்றிடம் இது அதிகம். ஆகவே பார்க்கலாம், பக்கத்தில் நிற்கலாம், தூக்கிக் கொஞ்சக் கூடாது. ஐந்து வயதுப் பையனிடம் இதைச் சொல்லி ஆறு மாதம் நிறுத்திவைக்க உங்களால் முடியும் என்று தோன்றினால், அடுத்த வருடம் அந்தத் தெரிந்தவரிடம் பேசுங்கள்.

அன்புடன்,
அக்கா