பழைய கார்வெட் வாங்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கையில் 15,000 டாலர் இருக்கிறது. வார இறுதியில் ஓட்டுவதற்கு ஒரு பழைய செவ்ரோலே கார்வெட், அந்த அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார், வேண்டும். எனக்கு 1970களின் வளைந்த உடல்தான் பிடித்திருக்கிறது. நண்பர்களோ 1980களின் வண்டியை வாங்கச் சொல்கிறார்கள்.

உங்கள் நண்பர்கள் பக்கமே நானும் நிற்கிறேன். 1984 முதல் 1996 வரை விற்கப்பட்ட நான்காம் தலைமுறை, அதாவது சி4, இன்று கார்வெட் வரிசையிலேயே மலிவாகக் கிடைப்பது. ஒழுங்காக ஓடும் ஒரு வண்டியை வாங்கிவிட்டு, டயருக்கும் ரப்பர் குழாய்களுக்கும் பிரேக் வேலைக்கும் கொஞ்சம் பணத்தை ஒதுக்கிவைக்க உங்கள் தொகை இடம் தரும். சி3 எனப்படும் 1968–82 தலைமுறையும் இந்த விலைக்குக் கிடைக்காமலில்லை. ஆனால் அவற்றில் பல, யாரோ ஆசையாகத் தொடங்கிப் பாதியில் கைவிட்ட வேலையாகவே இருக்கும்.

சி4-இலும் 1984ஆம் ஆண்டு வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் 205 குதிரைத்திறன் எஞ்சினில் இருந்த இரட்டை த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி) அமைப்பு அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. சஸ்பென்ஷனும் முதுகைப் பதம் பார்க்கும். 1985இல் வந்த 230 குதிரைத்திறன் எஞ்சின் எளிமையானது, உழைப்பாளி. கையால் கியர் மாற்றும் வண்டிதான் வேண்டுமென்றால் 1989 முதல் வந்த ஆறு கியர் பெட்டியைத் தேடுங்கள். அதற்கு முன் இருந்தது, நான்கு கியர்களில் மேல் மூன்றுக்குத் தனி ஓவர்டிரைவை (எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியரை)ப் பின்னால் இணைத்த ஒரு விசித்திரம், அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். பணம் கொடுக்கும் முன் பத்து முறையாவது ஏறி இறங்கிப் பாருங்கள். கதவின் அடியில் உள்ள சட்டம் அவ்வளவு உயரம். குளியல் தொட்டிக்குள் இறங்குவது போலத்தான் இருக்கும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது வேடிக்கை அல்ல.

ஃபைபர் கிளாஸ் உடல் துருப்பிடிக்காது என்கிறார்களே? 1977ஆம் ஆண்டு வண்டி ஒன்றைப் பார்த்தேன். பெயின்ட் கண்ணாடி போல் மின்னுகிறது.

ஃபைபர் துருப்பிடிக்காது என்பது உண்மை. அதைத் தாங்கி நிற்பது முழுவதும் இரும்பு என்பதும் அதே அளவுக்கு உண்மை. சி3-இன் முன்கண்ணாடியையும் கதவுத் தூண்களையும் சுற்றி ஓர் இரும்புக் கூடு உண்டு. அமெரிக்காவில் இதைப் ‘பறவைக் கூண்டு’ என்றே சொல்வார்கள். முன்கண்ணாடியின் ஓரத்தில் கசியும் நீர் இந்தக் கூட்டின் மூலைகளில் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும்; மேலே பெயின்டில் ஒரு கொப்புளம்கூடத் தெரியாது.

ஆகவே பெயின்டை விட்டுவிட்டுக் கால் வைக்கும் இடத்துக்குக் குனியுங்கள். பக்கவாட்டு பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி, கதவுக் கீல் பொருந்தும் தூணின் அடிப்பகுதியில் டார்ச் அடித்துப் பாருங்கள். தேயிலைத் தூள் போலத் துருச் செதில்கள் கையில் வந்தால் அந்த வண்டியை அங்கேயே மறந்துவிடலாம். பிறகு லிஃப்டில் ஏற்றி, அடிச்சட்டம் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் மேல்நோக்கி வளையும் இடத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். திடமான இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்பு மொத்தென்று சொல்லும். பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் ஒஹையோ, மிச்சிகன் போன்ற மாநிலங்களில் ஓடிய வண்டிக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

நானே முதல் சி3 வாங்கும்போது பெயின்டில் சொக்கிப்போனவன்தான். முதல் மழையில் இடது முழங்காலில் சொட்டு விழுந்தது. முன்கண்ணாடியை எடுத்துப் பார்த்தபோது கீழ்மூலையில் இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் பட்டி பூசியிருந்தார்கள். இதைச் சரியாகச் செய்ய உடலையே சட்டத்திலிருந்து தூக்க நேரிடலாம். செலவு வண்டியின் விலையை விழுங்கிவிடும்.

நெடுநாள் நின்ற வண்டியானால் பிரேக்கையும் சந்தேகியுங்கள். சி3-இன் ஒவ்வொரு சக்கரத்திலும் நான்கு பிஸ்டன் கொண்ட காலிப்பர், அதாவது பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் கருவி, இருக்கிறது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி, பிஸ்டன் ஓடும் துளையின் சுவரைக் குழிகுழியாக அரித்திருக்கும். உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழல் பொருத்திய காலிப்பர்களாக மாற்றினால் அந்தத் தொல்லை தீரும். மூடித் திறக்கும் முன்விளக்குகளில் ஒன்று திறந்து மற்றொன்று தூங்கி வழிகிறதா? அது எஞ்சின் வெற்றிடத்தால் இயங்கும் அமைப்பு. பெரும்பாலும் குழாய்க் கசிவுதான், பயப்பட வேண்டாம், விலையைக் குறைக்கப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கார்வெட்டின் அடிப்படை எஞ்சினுக்கு 1971இல் 270 குதிரைத்திறன், 1972இல் 200. ஒரே ஆண்டில் எஞ்சினை இவ்வளவு நலிவாக்கிவிட்டார்களா?

இல்லை, அளவுகோலை மாற்றினார்கள். 1971 வரை விளம்பரத்தில் தந்தது, துணைக் கருவிகள் ஏதுமின்றி எஞ்சினை மட்டும் மேடையில் ஓட்டி எடுத்த எண். 1972 முதல் தந்தது, சைலன்சர், ஏர் ஃபில்டர் முதலியவற்றோடு எடுத்த எண். எஞ்சின் ஏறத்தாழ அதேதான். உண்மையான சரிவு 1975இல். மாசுக் கட்டுப்பாட்டுக்காகக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்த அந்த ஆண்டின் அடிப்படை எஞ்சின் 165 குதிரைத்திறனில் நின்றது. அதனால்தான் அந்தக் கால வண்டிகள் மலிவு. மாலை நேரத்தில் நிதானமாக ஓட்ட அது போதும் என்பது என் கருத்து.

‘எண்கள் பொருந்தும்’ வண்டி என்று சொல்லி விற்பவர் கூடுதல் விலை கேட்கிறார். கொடுக்கலாமா?

எஞ்சினின் முன்பக்கம், வலப்புற சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள சிறு தளத்தில் பொறித்திருக்கும் எண்ணும் வண்டியின் வின் எண்ணின் (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அடையாள எண்) இறுதிப் பகுதியும் ஒத்துப்போனால் அது தொழிற்சாலையில் வைத்த எஞ்சின் எனலாம். ஆனால் அந்தத் தளத்தைத் தேய்த்து மறுபடி பொறிப்பவர்களும் இருக்கிறார்கள். 1972 முதல் வின் எண்ணின் ஐந்தாம் எழுத்தே எஞ்சின் வகையைச் சொல்லும். அதற்கு முந்தைய வண்டிகளில் அந்த வசதி இல்லை என்பதால் பழைய காகிதங்களைக் கேளுங்கள். ஓட்டி மகிழ வாங்குபவர் இதற்காக அதிகம் கொடுக்கத் தேவையில்லை.

1993ஆம் ஆண்டு சி4 ஒன்று ஈரநாளில் மட்டும் திக்கித் திணறுகிறது.

1992இல் 300 குதிரைத்திறனோடு வந்த எல்டி1 எஞ்சினின் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் கருவி, முன்புறத்தில், வாட்டர் பம்புக்கு நேர் கீழே அமர்ந்திருக்கிறது. பம்ப் கசிந்தால் கூலண்ட் அதன் தலையில்தான் சொட்டும். ஈரப்பதமும் உள்ளே தங்கும். பம்பையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த ஆண்டு மறுபடி கழற்ற வேண்டியிருக்கும்.

கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். 1975, 1976 இரண்டும் ஒரே விலையில் வருகின்றன.

1975-ஐ எடுங்கள். அந்த ஆண்டு வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே புகைச் சோதனை இல்லை, 1976க்கு உண்டு.

காப்பீடு?

சாதாரண பாலிசி தேய்மானம் கழித்துத்தான் தரும். நீங்களும் காப்பீட்டு நிறுவனமும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பை எழுதித் தரும் பாலிசியைப் பழைய கார்களுக்கென்றே விற்கிறார்கள். ஆண்டுக்கு இத்தனை மைல் என்ற வரம்பு பெரும்பாலும் இருக்கும், கையெழுத்திடும் முன் அந்த வரியைப் படித்துவிடுங்கள்.