மில்லர் தோற்றுப்போனாரா?

அன்புள்ள ஐயா,

சென்னை கிறிஸ்தவக் கல்லூரியை வளர்த்த வில்லியம் மில்லரைப் பெரிய ஆளுமை என்று எழுதியிருந்தீர்கள். நாற்பது வருடத்துக்கு மேல் முதல்வராக இருந்தும் அவரால் ஞானஸ்நானம் பெற்ற மாணவர்கள் வெகு சிலர்தானாமே. மிஷனரியாக அவர் தோற்றவர்தானே?

க.

அன்புள்ள க.,

இந்தக் கேள்வியை மில்லரிடம் முதலில் கேட்டவர்கள் அவருடைய சக மிஷனரிகள்தான்.

ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837-இல் 59 பையன்களோடு தொடங்கிய பள்ளிதான் பின்னால் அந்தக் கல்லூரியாக வளர்ந்தது. 1841-இல் இளைஞர்கள் சிலர் ஞானஸ்நானம் பெற்றதும் வீட்டார் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள், வகுப்புகள் காலியாயின. 1862 டிசம்பரில் 24 வயதில் மில்லர் வந்து இறங்கியபோது இந்தக் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆள் பிடிப்பது கல்லூரியின் வேலையில்லை, சமூகத்தின் மனத்துக்குள் கிறிஸ்தவச் சிந்தனை மெல்ல ஊறவேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். அதற்காக பைபிள் வகுப்பை விட்டுவிடவில்லை, ஒளித்து வைக்கவும் இல்லை. ஷேக்ஸ்பியரையும் அதே தீவிரத்தோடு நடத்தினார். லியர் மன்னன் கதையை இந்திய அரசியலோடு சேர்த்து ஒரு நூலே எழுதினார்.

என்னை மிகவும் கவர்வது வேறொன்று. 1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாக உடைந்திருந்தது. மில்லர் பிரிந்துபோன சுதந்திரத் திருச்சபைக்காரர். அப்படியிருந்தும் பழைய திருச்சபை, இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த ஆங்கிலிக்கர்களின் சி.எம்.எஸ். என்ற மிஷன் சங்கம், மெதடிஸ்டுகளின் வெஸ்லியன் மிஷன் எல்லோரையும் ஒரே கல்லூரிக்குப் பணம் போடவைத்தார். 1877-இல் அது கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. தங்கள் நாட்டில் சேர முடியாதவர்களைச் சென்னை ஜார்ஜ் டவுனில் சேர்த்துவைத்தவர் என்றே சொல்வேன். 1896-இல் அவருடைய திருச்சபை அவரையே பொதுப்பேரவைத் தலைவராக்கியது.

எனக்கு அவர்மேல் ஒரு மனக்குறை உண்டு. அவருடைய வகுப்புகளில் பெரும்பாலும் பிராமணப் பிள்ளைகள். செங்கல்பட்டுப் பக்கம் தலித் மக்களுக்கு நிலம் கேட்டுப் போராடிய ஆடம் ஆண்ட்ரூவும் அதே சபைக்காரர்தான். படித்த மேல்சாதி மாறினால் கீழே எல்லாம் மாறும் என்ற நம்பிக்கை பலிக்கவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1904-இல் எஸ். ராதாகிருஷ்ணன் அங்கே படிக்கவந்தார். இந்து மதம்பற்றி அங்கே கேட்ட விமரிசனம் அவரைச் சீண்டியது. அதற்குப் பதிலாகத்தான் வேதாந்தத்தின் அறவியல்பற்றி 1908-இல் ஆய்வுக்கட்டுரை எழுதினார். அதைப் பாராட்டிச் சான்றிதழ் கொடுத்தவர் அதே கல்லூரியின் மிஷனரிப் பேராசிரியர் ஏ. ஜி. ஹாக்.