வெளிநாட்டுல காசா, கார்டா: இந்த தடவை வந்த கேள்விகள்

கேள்வி: வெளிநாடு போறேன், கார்டு மட்டும் போதுமா?

எந்த நாடுன்னே எழுதல, நான் என்னத்த சொல்ல? ஸ்வீடன்ல நோட்ட நீட்டினா வாங்காத கடைங்க நிறைய, ஜெர்மனில சின்ன கடைல கார்ட நீட்டினா தலையாட்டிடுவாங்க. ரெண்டும் வேணும். கார்டு ரெண்டு, ஒண்ணு டெபிட், ஒண்ணு கிரெடிட், வேற வேற பேங்க்ல, வேற வேற பையில.

கேள்வி: ஏர்போர்ட்ல 'கமிஷன் இல்ல'ன்னு போர்டு இருக்கே, மாத்திக்கலாமா?

கமிஷன் ரேட்டுக்குள்ளயே உக்காந்திருக்கும். டாக்ஸிக்கு மட்டும் மாத்துங்க.

கேள்வி: கடைல கார்டு மெஷின்ல உங்க ஊர் கரன்சியா, இந்த ஊர் கரன்சியான்னு கேட்டுச்சு. நம்ம கரன்சிய அமுக்கிட்டேன், சரிதானே?

தப்பு, தப்பு, தப்பு. எத்தன தடவதான் எழுதுறது! இதுக்கு பேரு டிசிசி (டைனமிக் கரன்சி கன்வர்ஷன்), அதாவது விசா, மாஸ்டர்கார்டு மாதிரி கார்டு கம்பெனி போடுற ரேட்ட விட்டுட்டு கடைக்காரரோட பேங்க் தன் இஷ்டத்துக்கு ஒரு ரேட் போட்டு, நூறுக்கு அஞ்சு ஆறுன்னு உருவி, அதுல கடைக்கும் ஒரு பங்கு குடுக்கும், அதனாலதான் அவ்ளோ அக்கறையா கேக்குறாங்க. இதுல கூத்து என்னன்னா நம்ம கரன்சிலயே கட்டினாலும் சில பேங்க் வெளிநாட்டு சார்ஜையும் சேத்து போடும். ஒரு ரெஸ்டாரன்ட்ல சர்வரே எனக்காக அமுக்கிட்டாரு, ரசீத பாத்துட்டு கேன்சல் பண்ணி திரும்ப போட வச்சேன், பின்னாடி க்யூல நின்னவங்க முறைச்சாங்க, முறைக்கட்டும். ஏடிஎம்லயும் இதே கதைதான், அங்க 'கன்வர்ஷன் வேண்டாம்'னு அமுக்கினா பணமே வராதுன்னு பயப்படுறாங்க, வரும், தாராளமா அமுக்குங்க. எப்பவும் அந்த ஊர் கரன்சிதான்.

கேள்வி: கிரெடிட் கார்டுல ஏடிஎம்ல எடுக்கலாமா?

அவசரம்னா ஒழிய வேண்டாம். எடுத்த அன்னிக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிடும், பீஸ் தனி. டெபிட் கார்டுல எடுங்க, அதுவும் துளித்துளியா எடுக்காம ஒரே தடவைல.

கேள்வி: ஹோட்டல் டெபாசிட்டுக்கு டெபிட் கார்டு குடுத்தேன், காலி பண்ணி நாலு நாளாச்சு, பணம் இன்னும் வரல, ஏமாத்திட்டாங்களா?

இல்ல. அது ஹோல்டு, அதாவது பணத்த எடுக்காம பிடிச்சு வச்சிருக்காங்க, விடுபட ஒரு வாரம் பத்து நாள்கூட ஆகும், அதுவரைக்கும் உங்க சொந்த பணம் முடங்கிக் கிடக்கும். இதுக்குத்தான் கிரெடிட் கார்டு. ரெண்டு கார்டுன்னு சும்மாவா சொல்றேன்?

கேள்வி: வீட்ல பழைய பேப்பர் 20 பவுண்டு நோட்டு கிடக்கு. லண்டன்ல செல்லுமா?

கடைல செல்லாது, 2022 செப்டம்பர் 30ஓட முடிஞ்சுது. பேங்க் ஆஃப் இங்கிலாந்துல குடுத்து மாத்திக்கலாம்.